புகை குறையலைங்க, கட்டம்தான் மாறியிருக்கு

புகையைக் குறைத்ததாகச் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்று வாங்கிய அந்த விருதுப் படத்தை இனிமேல் யாரும் அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். மேடை, பச்சைத் துண்டு, மரக்கன்று எல்லாம் பார்த்தாச்சு. அதன் கீழே நான் போட்ட ஒரே ஒரு கமெண்டுக்கு வந்த பதில்களையும் பார்த்தேன். "வயிற்றெரிச்சல்" என்கிறார் ஒருவர். "இதே தொழிலில் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிப் பேசலாமா" என்கிறார் இன்னொருவர். நான் கேட்டது இவ்வளவுதான்: அந்த நிறுவனத்தின் அறிக்கையில் ஸ்கோப் 3 வரி, அதாவது வெளியாள் மூலம் வரும் புகையின் கணக்கு, ஏன் காலியாக இருக்கிறது? அதற்கு மட்டும் இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன்.

லாரி ஓட்டும் நிறுவனத்தின் புகை என்பது ஏறக்குறைய முழுக்க டீசல். லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சொந்த லாரியில் எரிந்தால் ஸ்கோப் 1. குடோனுக்கு வாங்கும் கரண்ட் ஸ்கோப் 2. வெளியாள் வண்டியை வாடகைக்கு எடுத்தால் அதே டீசல், அதே ரோடு, ஆனால் ஸ்கோப் 3. பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கிய பி.ஆர்.எஸ்.ஆர். என்கிற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையில் முதல் இரண்டும் கட்டாயப் பகுதியில் வருகின்றன. மூன்றாவது, விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்கிற பகுதியில் இருக்கிறது.

இப்போது நூறு சொந்த லாரியை விற்றுவிட்டு, அதே லோடை மார்க்கெட் வண்டியில், அதாவது வெளியாள் வாடகை லாரியில் ஏற்றுங்கள். ஸ்கோப் 1 கிராஃப் சரசரவென்று இறங்கும். ஒரு சொட்டு டீசல் மிச்சமாகியிருக்காது. வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளிவிட்டுச் சுத்தத்துக்குப் பரிசு வாங்குகிற கதைதான். விற்ற லாரியை வாங்கியவரே அதை அதே கம்பெனியில் அட்டாச் பண்ணி, அதாவது ஒப்பந்த வண்டியாகச் சேர்த்து ஓட்டுவதும் நடக்கிறது. நம்பர் பிளேட்கூட மாறாது. ஆர்.சி. புக்கில் பெயர் மாறியதும் புகைக்கும் ஓனர் மாறிவிடுகிறார்!

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு: வருமானத்தில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு புகை என்கிற கணக்கு. படிவத்திலேயே அந்தக் கட்டம் இருக்கிறது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் ஆரம்பித்ததும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. தூரம் கூடியது, எண்ணெய் கூடுதலாக எரிந்தது, 2024-இல் கன்டெய்னர் வாடகை எகிறியது. வாடகை எகிறினால் வருமானம் எகிறும், ரூபாய்க்கான புகை தானாகக் குறையும். அதிகமாக எரித்துவிட்டுக் குறைந்ததாகக் காட்ட இதைவிட நல்ல வருஷம் கிடைக்குமா?

கப்பல்காரர்களின் சி.ஐ.ஐ. மதிப்பெண்ணும், அதாவது கப்பல் எவ்வளவு புகை விடுகிறது என்று தரம் பிரிக்கும் சர்வதேசக் கணக்கும் லேசுப்பட்டதில்லை. 2023 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தக் கணக்கில் வருஷத்துப் புகையைக் கப்பலின் மொத்தக் கொள்ளளவாலும் ஓடிய தூரத்தாலும் வகுக்கிறார்கள். உண்மையில் ஏற்றிய சரக்கு எவ்வளவு என்ற கேள்வியே சரக்குக் கப்பலுக்கு இல்லை. காலியாக ஓடினால் எண்ணெய் கம்மி, தூரம் அதே தூரம், மதிப்பெண் ஏறும். துறைமுகத்தில் பெர்த் (நிறுத்த இடம்) கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டு நின்றால் ஜெனரேட்டர் எரியும், தூரம் பூஜ்யம், மதிப்பெண் இறங்கும்.

"ஆடிட் பண்ணிய அறிக்கை சார், சும்மா பேசாதீங்க" என்பவர்களுக்கு: ஆடிட்டர் பார்ப்பது நீங்கள் போட்ட எல்லைக்கோட்டுக்குள் இருக்கிற எண்ணைத்தான். தாய் நிறுவனம் மட்டுமா, துணை நிறுவனங்களும் சேர்த்தா என்று படிவத்தின் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது. தனித்து என்று டிக் அடித்தால் வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் கப்பல்கள் கணக்கிலேயே வராது. எண் சரிதான். கோடுதான் கோணல்.

"வெளியாள் லாரிக் கணக்கெல்லாம் எடுக்கவே முடியாது." இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு நகர்ந்தால் இ-வே பில் (ஜி.எஸ்.டி. போக்குவரத்துச் சீட்டு) இருக்கிறது. அதில் வண்டி நம்பரும் தூரமும் இருக்கின்றன. எல்.ஆரில் (லாரி ரசீதில்) எடை இருக்கிறது. எடையையும் தூரத்தையும் பெருக்கினால் டன்-கிலோமீட்டர் வந்துவிட்டது. ஒரு டன்-கிலோமீட்டருக்கு எவ்வளவு புகை என்று வண்டி வகைக்கு ஏற்ப இருக்கும் காரணியால் அதைப் பெருக்கினால் கணக்கு முடிந்தது. வாடகை பில்லில் ஹால்ட்டிங் சார்ஜ் (வண்டி காத்து நின்றதற்கான கட்டணம்) இருநூறு ரூபாய் கூடிவிட்டால் அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கிறார்களே, அந்த அக்கவுன்ட்ஸ் ஆட்களிடம் கொடுங்கள்.

கணக்குப் போடுகிறவர்களும் போகிற ஓட்டத்தை மட்டும் போடுகிறார்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 600 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 150 லிட்டர், 400 கிலோ புகை. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலியாக வந்து லிட்டருக்கு 6 கொடுத்தாலும் இன்னொரு 100 லிட்டர். காலி ஓட்டத்தையும் சேர்க்கச் சொல்கிறது, போக்குவரத்துப் புகையைக் கணக்கிட 2023-இல் வந்த சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 14083. இதை ஒரு கூட்டத்தில் சொன்னதற்கு, "அது நம்ம டிரிப் இல்லையே சார்" என்றார்கள்.

"கொஞ்சமாவது செய்கிறார்களே, குடோன் கூரையில் சோலார் போட்டிருக்கிறார்களே." போடட்டும், நல்லது. அது ஸ்கோப் 2.

புகையை விடுங்கள். அதே அறிக்கையில் பாதுகாப்புப் பக்கம் இருக்கிறது, உயிரிழப்பு பூஜ்யம் என்று போட்டு. லாரித் தொழிலில் பூஜ்யமா? அட்டாச் வண்டி டிரைவர் அவர்கள் ஆள் இல்லை, அதனால் பூஜ்யம். சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலையம்) வாசலில் ராத்திரி முழுக்கக் கேபினில் கொசுக்கடியில் படுத்துக் கிடப்பவர், கக்கூஸுக்கு எதிர் பங்க் வரை நடப்பவர், லேட் டெலிவரிக்கு வாடகையில் பிடித்தம் வாங்குபவர் யாருடைய ஆள்? பிடித்தம் செய்யும்போது மட்டும் உங்கள் ஆளா? நாமக்கல்லில் ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு தவணை கட்டுகிறவருக்கு "சப்ளையர் நிலைத்தன்மைப் படிவம்" அனுப்புகிறார்கள், இங்கிலீஷில். வாடகை பாக்கி தொண்ணூறு நாள் நிற்கிறது. அதைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை.

"தைரியம் இருந்தால் கம்பெனி பெயரைப் போடு" என்கிறார் ஒரு நண்பர். போடமாட்டேன். பயம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெயரைப் போட்டால், அதே வரியைக் காலியாக விட்ட மற்றவர்கள் எல்லாரும் இந்தப் பதிவுக்கு லைக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.