ஊர் பயந்து பின்னால் வந்த கதை

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு. விடுமுறைக்கு வந்தவள் மூன்று நாளாக ஒரு தடித்த ஆங்கில நாவலுக்குள்ளேயே கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால், "இரு சித்தி, ஊரு முழிச்சிருச்சு" என்கிறாள். கதையில் ஊருக்கே உயிர் உண்டு. ராத்திரியில் தெருக்கள் இடம் மாறும், சுவர் மூச்சு விடும், கல்லறைத் தோட்டத்துக்குப் பசிக்கும். அதற்குள் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மாட்டிக்கொள்கிறாள்.

அவள் முடித்ததும் நானும் வாங்கிப் படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, முதல் நூறு பக்கம் கீழே வைக்க முடியவில்லை. அப்புறம் ஒரு காதல் வந்து, அவ்வளவு நல்ல ஊரை ஓரமாக உட்கார வைத்துவிட்டது. இடமே பயமுறுத்தும் இந்தக் கதை வகைக்குக் 'கோதிக்' என்று பெயர். 1764-ல் ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு கோட்டையை வைத்து ஆரம்பித்தது. கோட்டை வீடாகி, வீடு இப்போது ஊராகியிருக்கிறது.

"நம்மூர்ல இதெல்லாம் எழுத முடியாதுல்ல சித்தி? வெயில் அடிக்கும், புரோட்டாக் கடை இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. எங்களூர் மதுரை. அன்று ராத்திரியே மாசி வீதிப் பக்கம் கூட்டிப்போனேன். மதுரைக்கு ஆலவாய் என்ற பெயர் எப்படி வந்தது என்று சொன்னேன். ஊருக்கு எல்லை கேட்ட பாண்டியனுக்கு, சிவன் கைப்பாம்பு தன் வாலை வாயால் தொட்டு வளைத்துக் காட்டியது என்பது திருவிளையாடல் கதை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்தார்கள். பாம்பு சட்டை உரித்த மாதிரி. பழைய கோட்டையில் மிஞ்சி நிற்பது மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் விட்டவாசல். இடிக்காமல் விட்டுவிட்ட வாசல், அதுதான் பெயர்க்காரணம் என்பார்கள். ஊரைத் தாங்கும் சுவர் போய், வாசல் மட்டும் மிஞ்சினால் அதன் வழியாக யார் வருவார்கள்? நாவல்காரர்கள் கவனிக்கவும்.

நடுச்சாமம் வேண்டுமா? மதுரைக்காஞ்சி என்ற சங்கப் பாட்டில் மாங்குடி மருதனார் காட்டுகிறார். நூலேணியைச் சுற்றிக்கொண்டு திரியும் திருடர்கள், அவர்களைத் தேடும் ஊர்க்காவலர், உருவெடுத்து உலவும் பேயும் அணங்கும். புரோட்டாக் கடை இல்லை, ஆனால் அல்லங்காடி இருக்கிறது. இரவுக் கடைவீதி.

ஆனால் இதெல்லாம் அலங்காரம்தான். எனக்கு முக்கியம் சிலப்பதிகாரத்தில் ஒரே ஓர் இடம். மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது ஊரின் தெய்வம் மதுராபதி கண்ணகியைத் தேடி வருகிறாள். உடம்பில் இடப்பக்கம் கருநீலம், வலப்பக்கம் பொன் நிறம். இடக்கையில் தாமரை, வலக்கையில் வாள். இவ்வளவு இருந்தும் முன்னால் வந்து நிற்கத் துணிவில்லை. பின்னால் வருகிறாள். "என் பின்னால் வருகிற நீ யார், என் துயரம் உனக்குத் தெரியுமா?" என்று கண்ணகிதான் கேட்கிறாள்.

அந்த ஆங்கில நாவலில் பெண் ஊருக்குப் பயப்படுகிறாள். இங்கே ஊர் பெண்ணுக்குப் பயப்படுகிறது. இதை வைத்துக்கொண்டு நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்! தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது பதினாறு வயதுக்கு ஏதாவது கேட்டுப் பாருங்கள். ஒரு கையில் சிங்கம் முயல் கதை கொடுப்பார்கள், இன்னொரு கையில் ஐந்து பாகச் சரித்திர நாவல். நடுவில் இருக்கிற பிள்ளை ஆங்கிலத்துக்குப் போகாமல் எங்கே போகும்?

சரி, கதைக்கு வருகிறேன். மதுராபதி என்ன சொன்னாள் என்று இவள் கேட்டாள். பாண்டியர்கள் நல்லவர்கள், நடந்தது கோவலனின் முற்பிறவி வினை, பதினான்கு நாள் கழித்துக் கணவனைப் பார்ப்பாய் என்றாள் என்றேன்.

"அப்ப இந்த ஊர்ல யார் மேலயும் தப்பில்லையா?"

எனக்கும் அந்தச் சமாதானம் என்றைக்குமே ஒட்டியதில்லை. கிழக்கு வாசலில் கணவனோடு வந்தேன், மேற்கு வாசலில் தனியாகப் போகிறேன் என்று வளையலை உடைத்துவிட்டுப் போனவளிடம் சொல்கிற பேச்சா அது?

ஜிகர்தண்டா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஃபோனில் என்னவோ தட்டினாள். எட்டிப் பார்த்தேன். "மேற்கு வாசல். அவ திரும்பிப் பாக்கல. ஊரு இன்னும் பின்னாடியே வருது."