தன்னை அறிந்த தம்பி

(இலங்கை மலையகத்தின் குளிர் ஊரான நோர்வூட் பக்கம், தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதை பிரிகிற சந்தியில் ஒரு கடை. 2024 நவம்பர், விடாத மழை. கூரியர் வண்டி மலையேறாது. மேல் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பார்சல்கள் எல்லாம் இந்தக் கடையோடு நின்றுவிடும். பணத்தையும் கடைக்கார அக்காவே கொடுத்து வாங்கி வைப்பார். ஊருக்கு ஒருவர் இப்படி மாட்டிக்கொள்கிறார்.)

தம்பி: அக்கா, எல்லாக் கணக்கையும் தீர்த்துவிட்டேன்.

அக்கா: நல்லது தம்பி. யாரிடம் கொடுத்தாய்?

தம்பி: யாரிடமும் இல்லை. தனியாக உட்கார்ந்து, என்னோடு நானே கணக்குப் பார்த்தேன்.

அக்கா: உனக்கும் உனக்கும் எவ்வளவு பாக்கியோ, எனக்குத் தெரியாது. என் கொப்பியில் 14,250 ரூபா இருக்கிறது.

தம்பி: பணத்தைச் சொல்லவில்லை அக்கா. நான் ஏன் இப்படி வாங்கிக் குவிக்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

அக்கா: நான் ஏன் கொடுத்துத் தொலைத்தேன் என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

தம்பி: இரண்டு வாரமாக எழுதிப் பார்த்தேன். எந்த நேரத்தில் வாங்கினேன், அதற்கு முன் மனம் எப்படி இருந்தது என்று. எல்லாமே இரவு பத்து மணிக்குப் பிறகு. வெளியே மழை, பேச ஆள் இல்லை, கையில் போன். முதலாளி ஏசிய நாளில் சப்பாத்து. கூட்டாளி கட்டாருக்குப் போன நாளில் சூடு காட்டும் தண்ணீர்ப் போத்தல். எனக்குச் சாமான் தேவைப்படவில்லை அக்கா. எனக்கென்று ஏதோ ஒன்று வழியில் வந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்புத்தான் தேவைப்பட்டது.

அக்கா: அது உண்மை. வந்து சேர்ந்த பிறகு நீ திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சப்பாத்துப் பெட்டி மூன்று வாரமாக மா மூட்டைக்கு மேலே கிடக்கிறது. எலிகூடப் பிரித்துப் பார்த்துவிட்டது.

தம்பி: இது ஒரு வியாதி அக்கா. ஒனியோமேனியா. 1915 இலேயே எமில் கிரெப்பலின் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அக்கா: 1915 இலா? அந்தக் காலத்தில் நம் தோட்டத்து ஆட்களைப் பற்றியும் எழுதித்தான் வைத்தார்கள். துண்டு என்று ஒரு காகிதம். இவனுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவர் இவனை அழைத்துப் போகலாம் என்று. ஆள் தோட்டம் மாறினால் கடனும் பின்னாலேயே நடந்து வரும். 1921 இல்தான் அதை ஒழித்தார்கள். அந்த மனிதர்களுக்கு வியாதி என்று ஒரு டாக்டரும் வந்து சொல்லவில்லை. அரிசிக்குக் கடன்பட்டவன் ஊதாரி. போத்தலுக்குக் கடன்பட்டவன் நோயாளி.

(தம்பி கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தான்.)

தம்பி: எப்படியோ, என்னை நான் மன்னித்துவிட்டேன்.

அக்கா: கொப்பி மன்னிக்கவில்லை.

தம்பி: இனி ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். எதைப் பார்த்து ஆசைப்பட்டாலும் 24 மணி நேரம் பொறுப்பேன். அதற்குள் ஆசை அடங்கிவிடும்.

அக்கா: கூரியர் பையன் எனக்கு 24 விநாடிகூடத் தருவதில்லை. ஆட்டோவை நிறுத்தாமலே "அக்கா, 4,850!" என்று கத்துகிறான். அந்த 4,850 என்ன தெரியுமா? செப்டம்பரில்தான் நாட்கூலியை 1,350 ரூபா ஆக்கினார்கள். உன் அம்மா மூன்றரை நாள் அட்டைக் கடியோடு கொழுந்து பறித்தாலும் அது வராது. வாங்கியது என்ன? மின்விசிறி! நவம்பரில், நோர்வூட்டில்!

தம்பி: 60 வீதம் கழிவு போட்டிருந்தார்கள் அக்கா.

அக்கா: குளிருக்கு யாராவது கழிவு போட்டார்களா?

தம்பி: சரி, அந்த விசிறி எங்கே? பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அதுவும் ஒரு பயிற்சிதான்.

அக்கா: பிரித்துவிட்டேன்.

தம்பி: ஏன் அக்கா?

அக்கா: உள்ளே வந்து பார்.

(அடுப்பில் ஈர விறகு. அதன் முன்னால், கவிழ்த்த சட்டி மேல், வெள்ளை மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் ஒரு பக்கம் கரி. மேலே ரொட்டி பொங்கி வருகிறது.)

அக்கா: மழை தொடங்கிய நாளிலிருந்து ஊதுகுழலைத் தொடவில்லை. நீ வாங்கியவற்றில் ஒரு மனிதருக்குப் பயன்பட்டது இது ஒன்றுதான்.

தம்பி: அப்படியானால் 4,850 ஐக் கொப்பியில் வெட்டிவிடுங்கள்.

அக்கா: புகை பிடித்த பழைய சாமானுக்கு முழு விலையா? 60 வீதம் கழிவு. 1,940 ரூபா வெட்டுகிறேன்.

தம்பி: 1,940 ரூபாவா? இந்த விசிறியா?

அக்கா: ஆமாம்.

தம்பி: (குரலைத் தாழ்த்தி) அந்த விலைக்கு எனக்கே கொடுத்துவிடுங்கள் அக்கா.

(அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, கொப்பியை எடுத்தார்.)