அந்தத் தலையாட்டலை ரசிக்காதீர்கள்

எல்லோர் பக்கத்திலும் ஓடுகிற அந்த வீடியோவைப் பற்றித்தான். ஸ்பைடர் பால் பைத்தான் குட்டி, அதாவது உடலில் மெல்லிய வலைக்கோலம் உள்ள வளர்ப்பு மலைப்பாம்புக் குட்டி, தலையைத் திருகித் திருகிக் கடைசியில் மல்லாத்திக்கொள்கிறது. கீழே வரிசையாக ஹார்ட்டின், "செல்லம் டான்ஸ் ஆடுது". அது நரம்புக் கோளாறு என்று நான் போட்ட கமெண்ட்டைத் தூக்கிவிட்டார்கள். சரி, இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குட்டிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. ஸ்பைடர் பாம்புகளின் உட்காதை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2022-இல் வந்தது. உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்களே உருமாறிக் கிடந்தன. நீங்கள் ரசிக்கும் அந்த மெல்லிய வலைக்கோலமும் இந்த ஆட்டமும் சேர்ந்தேதான் வரும். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விலக்க முடியாது.

"நல்ல லைனில் (பரம்பரையில்) எடுத்தால் ஆட்டம் இருக்காது" என்கிறார்கள். இருக்கும். கூடும், குறையும், அவ்வளவுதான். சம்பந்தமே இல்லாத பாம்புகளோடு இத்தனை தலைமுறை இணைத்தும் போகவில்லையே! உறவுக்குள் இணைத்ததால் வந்த கோளாறாக இருந்தால் இதற்குள் கரைந்திருக்கும். லேசாக ஆடும் தாய்க்கு மோசமாக ஆடும் குட்டியும் பிறக்கலாம்.

"என்னுடையது நன்றாகச் சாப்பிடுகிறது" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நண்பர் ஒருவரிடம் வளர்ந்த ஸ்பைடர் ஒன்று இருந்தது. எலியைக் காட்டியதும் பாய்ந்தது, ஒரு சாண் தள்ளி டப்பாச் சுவரில் மோதியது. மறுபடி பாய்ந்தது, மறுபடி சுவர். அப்புறம் தலை அதன் முதுகின் மேலேயே கவிழ்ந்து விழுந்தது. நண்பர் எலியை இடுக்கியால் பிடித்து வாயில் படும்படி நீட்டினார். சாப்பிட்டது. "பார்த்தாயா, நன்றாகச் சாப்பிடுகிறது" என்றார் அவரும். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

நிறத்துக்காக வளர்ப்பதையே நான் எதிர்க்கிறேனாம். என்னிடமே பைபால்ட், அதாவது வெள்ளைத் திட்டுள்ள வகை, இருக்கிறது. ஹெட் ஜோடியை, அதாவது மரபணு இருந்தும் வெளியே தெரியாத ஜோடியை, இணைத்துவிட்டு, நாலில் ஒன்றாவது வெள்ளைத் திட்டோடு வருமா என்று முட்டைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் தவிப்பு எனக்கும் தெரியும். அந்த வெள்ளைத் திட்டுக்குக் காரணம் டிஃபெக் என்ற மரபணு என்று 2023-இல் கண்டுபிடித்தபோது அத்தனை சந்தோஷப்பட்டேன். அல்பினோவில் கருநிறமி உருவாகாது, மஞ்சள் அப்படியே நிற்கும். அந்தப் பாம்பு நேராக ஊர்கிறது, குறிபார்த்துப் பாய்கிறது. எனக்கு நிறத்தோடு சண்டையே இல்லை. ஆட்டம் வரும் என்று தெரிந்தும் இணைக்கிறீர்களே, அதோடுதான் சண்டை.

நாய்களிலும் இப்படி இனங்கள் உண்டே என்றால், அதுவும் தப்புதான்.

ஸ்பைடரோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. சூப்பர் சினமன் என்ற நிற வகையில் வாத்து மூக்கும் முதுகெலும்பு வளைவும் வருகின்றன. டெஸர்ட் என்ற வகையில் பெண்பாம்பு முட்டையிட முடியாமல் செத்திருக்கிறது. விற்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தேதான் விற்கிறார்கள். பிரிட்டனில் ஊர்வன வளர்ப்போரின் சங்கமே தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்கத் தடை போட்டது. அவர்களும் பொறாமைக்காரர்களா? என்னைத்தான் "விற்கத் தெரியாதவனின் பொறாமை" என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே வளர்த்தவர்களே அப்படி எழுதியதுதான் வலிக்கிறது.

பிறந்த குட்டியைக் கொல்லச் சொல்லவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் அந்த ஜோடியை இணைக்காதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

புதிதாக வாங்குகிறவர்களே, பம்பிள்பீ, கில்லர் பீ என்று என்ன பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பது ஸ்பைடர்தான். காசு கொடுப்பதற்கு முன்னால் எந்தெந்த மார்ஃப் (நிற வகை) கலந்தது என்று கேளுங்கள். மழுப்பினால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், நான் சொல்கிறேன்.