இந்தப் பாட்டு முடியட்டும்

(லண்டனிலிருந்து பிரிஸ்டல் போகும் எம்4 நெடுஞ்சாலை. மாமா கார் ஓட்டுகிறார், மடியில் ஒரு சிடி. ஸ்பீக்கரில் மருமகள் தர்ஷினி போட்ட டிரம் அண்ட் பேஸ், அதாவது வேகமான டிரம் அடியும் கனத்த அடிநாதமும் (பேஸ்) சேர்ந்த மின்னணு இசை. ஒப்பந்தம் இதுதான்: இந்தப் பாட்டு முடிந்ததும் மாமாவின் முறை.)

மாமா: பிள்ளை, ரெடிங் வந்துவிட்டது. ஹீத்ரோவில் தொடங்கிய பாட்டு இன்னும் முடியவில்லையே?

தர்ஷினி: அது எப்போதோ முடிந்துவிட்டது மாமா. இது ஏழாவது பாட்டு.

மாமா: ஏழா? நடுவில் மூச்சுவிடக்கூட இடம் விடவில்லையே!

தர்ஷினி: அதுதான் டிஜே மிக்ஸ். ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்ததை ஹெட்போனில் கேட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வார். இரண்டின் அடியும் ஒன்றாக விழுந்ததும் பழையதின் பேஸை இறக்கிப் புதியதின் பேஸை ஏற்றுவார். சேர்ந்த இடம் தெரியக்கூடாது.

மாமா: தெரியவில்லைதான். அதுதானே என் பிரச்சினை! இதையெல்லாம் சங்கீதம் என்று யாராவது ஒத்துக்கொண்டார்களா?

தர்ஷினி: பிரிஸ்டல்காரர் ரோனி சைஸும் அவருடைய ரெப்ரசென்ட் குழுவும் 1997இல் பிரிட்டனின் பெரிய இசை விருதான மெர்க்குரி பரிசே வாங்கினார்கள்.

மாமா: பாட்டு முடிந்தால்தானே பரிசு கொடுக்கலாம்? முடிந்ததென்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சரி, இந்தப் பெண் இவ்வளவு உருகிப் பாடுகிறாள். பின்னால் ஒருத்தன் ஏன் நாய் துரத்துகிற மாதிரி அடிக்கிறான்?

தர்ஷினி: நிமிடத்துக்கு 174 அடி. நீங்கள் டிரம்மை விட்டுவிட்டு பேஸைக் கேளுங்கள். அது பாதி வேகத்தில் நடக்கும், 87. அவள் அதன்மேல்தான் பாடுகிறாள்.

மாமா: (ஸ்டியரிங்கில் தட்டியபடி) அட, கீழ்க்காலத்தில் தாளம் போட்டால் கச்சிதமாக விழுகிறதே! இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?

தர்ஷினி: தாளம் சரி. கார் ஏன் 82 மைல் வேகத்தில் போகிறது? இங்கே 70தான்.

மாமா: ஐயோ! (பிரேக்) எல்லாம் அந்த டிரம்காரன் செய்த வேலை. கமராவில் பிடிபட்டால் தண்டம் அவனா கட்டுவான்?

தர்ஷினி: அவர் பாவம் மாமா. கிரகரி கோல்மன் என்று பெயர். 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு ஒன்றில் ஆறேழு விநாடி தனியாக அடித்தார். 90களில் லண்டன் பையன்கள் அந்தத் துண்டை வெட்டி, வேகம் கூட்டி, பாட்டுப் பாட்டாகச் செய்து தள்ளினார்கள். இன்றைக்கும் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அவர் கைதான்.

மாமா: அப்படியென்றால் ஆள் கோடீஸ்வரன்!

தர்ஷினி: அதில் ஒரு காசும் அவருக்கு வரவில்லை. 2006இல் வீடு வாசல் இல்லாமல் செத்துப்போனார்.

மாமா: அடப் பாவிகளா! எங்கள் ஊர்க் கல்யாணங்களில் தவில்காரர் காசை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். (சற்று நேரம் பேச்சில்லை.) சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு. அந்த மனுசனுக்காக முழுதும் ஓடட்டும்.

(ஸ்விண்டன் தாண்டி மிக்ஸ் ஒருவழியாக முடிகிறது.)

மாமா: இந்தா சிடி. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில். அடி என்றால் என்னவென்று இப்போது கேள்.

(நாதஸ்வரம். மேலும் நாதஸ்வரம். பதினைந்து மைல் போகிறது.)

தர்ஷினி: மாமா, நடுவில் இரண்டு தட்டுத் தட்டினாரே, அவ்வளவுதானா?

மாமா: பொறு பிள்ளை. இப்போது ஆலாபனை. பிறகு கீர்த்தனை. அதற்குப் பிறகுதான் தவில் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம்.

தர்ஷினி: பிரிஸ்டலுக்குத் திரும்பும் பாதை வந்துவிட்டது!

மாமா: வரட்டும். நேரே விட்டால் வேல்ஸ்தானே? போய்த் திரும்பலாம்.