50 மணி நேரக் கணக்கு

வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பும் எல்லோருக்கும் ஓர் அறிவுரை இலவசமாகக் கிடைக்கும்: "நாலு பேரோட கலகலன்னு பழகு." இதைக் கேட்டே பாதிப் பேர் கெட்டுப்போகிறார்கள். கூச்சப்படுகிறவர், நமக்கு இது வராது என்று அறைக்குள் போய்விடுகிறார். கலகலப்பானவர் முதல் வாரத்திலேயே நாற்பது பேரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் நட்பைப் பேச்சுத் திறமை என்று நினைத்ததுதான் கோளாறு. புது ஊரில் நட்பு என்பது முக்கால்வாசி டைம்டேபிள் விவகாரம்.

இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புதிதாக ஊர் மாறியவர்களையும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களையும் வைத்து ஓர் ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பர் ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். வகுப்பிலோ வேலையிலோ பக்கத்தில் இருந்த நேரத்துக்கு இதில் பெரிய மதிப்பில்லை. சும்மா சேர்ந்து பொழுது போக்கிய நேரம்தான் ஒட்டுகிறது.

இதை ஒரு செமஸ்டரோடு பொருத்திப் பாருங்கள். ஒருவரை வாரம் 2 மணி நேரம் பார்த்தால் 50-ஐத் தொட 25 வாரம். அதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும். வாரம் 3 மணி நேரம் என்றால் 17 வாரம், 6 மணி நேரம் என்றால் எட்டு ஒன்பது வாரம். ஆக, மூன்றாவது வாரத்தில் "எனக்கு இன்னும் ஒரு நண்பர்கூட இல்லை" என்று அழுவதில் அர்த்தமில்லை. கணக்குப்படி அப்போது பெரும்பாலோருக்கு இருக்க முடியாது. முதல் நாள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கும்தான்.

இந்த மணி நேரங்களைச் சிரமப்படாமல் சேர்ப்பதற்கு வீடுதான் முதல் வழி. 1950-ல் உளவியலாளர் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பு பற்றி வெளியிட்ட ஆய்வு ரொம்பப் பழையது, ஆனால் இன்றைக்கும் பொருந்தும். அடுத்த கதவுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிப் பழகினார்கள். அதே மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அது 10 சதவீதம்தான். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் ஆள் கிடைத்தார்கள். குணமோ அந்தஸ்தோ அல்ல, போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுவதுதான் காரணம். அதனால் வீடு பார்க்கும்போது வாடகையையும் தூரத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். பொதுச் சமையலறை இருக்கிறதா, அதில் உட்கார்ந்து சாப்பிட மேசை இருக்கிறதா என்று கேளுங்கள். மேசை இல்லாத சமையலறையில் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் தங்கும் ஸ்டூடியோ வீடு சுகமானதுதான். முதல் வருடத்துக்கு மட்டும் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏற்கெனவே அதில் இருப்பவர்கள் அந்த நேரத்தை வெளியில்தான் தேடியாக வேண்டும்.

வெளியே என்றால் கிளப்புகள். அறிமுக வாரத்தில் எட்டு கிளப்பில் பெயர் கொடுத்துவிட்டு ஒன்றுக்கும் போகாமல் இருப்பது உலக வழக்கம். இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டையும் பார்த்து எடுக்க வேண்டும். வாராவாரம் கூடுகிறதா? அதே ஆட்கள்தான் வருகிறார்களா? இருபது பேருக்குள் இருக்கிறார்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் சேரலாம். திரைப்படக் காட்சி, பெரிய பார்ட்டி, ஒருநாள் சுற்றுலா எல்லாம் ஜாலிதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் புது முகம். மணி நேரம் ஒருவரிடமும் சேராது. இரண்டில் ஒன்றாவது கைக்கோ காலுக்கோ வேலை வைப்பதாக இருக்கட்டும்: சேர்ந்திசை, மலையேற்றம், பேட்மிண்டன், நாடகத்தில் மேடை அமைக்கும் வேலை. அங்கே பேச்சு நின்றுபோனாலும் சங்கடமில்லை, மொழி தடுமாறினாலும் ஆட்டம் நடக்கும்.

சேர்ந்த பிறகு ஆறு தடவையாவது போகாமல் "செட் ஆகல" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். பத்து நிமிடம் முன்னாடி போங்கள், முடிந்ததும் கால்மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். நடுவில் நடப்பது பயிற்சி. அறிமுகம் நடப்பது நாற்காலி போடும்போதும் எடுக்கும்போதும்தான். நாற்காலி போடுவது, சாவி வாங்கி வருவது, வருகை குறிப்பது என்று ஏதாவது ஒரு சின்னப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. நீங்கள் போய்ப் பேச வேண்டியதில்லை, அவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

அடுத்ததுதான் பலர் வழுக்கும் இடம்: அறிமுகமானவரை அந்த இடத்துக்கு வெளியே கூப்பிடுவது. "ஒருநாள் மீட் பண்ணலாம்" என்பது பல ஊர்களில் அழைப்பே இல்லை, விடைபெறும் வாசகம். அதை நம்பிக் காத்திருந்துவிட்டு, இந்த ஊர்க்காரர்கள் போலி என்று முடிவு கட்டுவது அநியாயம். அழைப்பில் நாள், நேரம், இடம், முடியும் நேரம் நான்கும் இருக்க வேண்டும். "வியாழன் பயிற்சி முடிஞ்சு பக்கத்துல காபி குடிக்கப் போறேன், ஏழு மணிக்கு நான் கிளம்பணும், வர்றியா?" முடியும் நேரத்தைச் சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் எதிராளிக்குப் போய்விடும். நீங்கள் எப்படியும் போகப்போகிற இடத்துக்கே கூப்பிடுங்கள். வராவிட்டாலும் உங்கள் சாயங்காலம் பாழாகாது.

மறுப்பைப் படிக்கவும் தெரிய வேண்டும். "இந்த வாரம் முடியாது, அடுத்த செவ்வாய் பரவாயில்லையா?" என்பது சம்மதம். மாற்று நாள் சொல்லாமல் இரண்டு தடவை "முடியாது" வந்தால் விட்டுவிடுங்கள், மூன்றாவது தடவை கேட்க வேண்டாம். அதே விதி உங்களுக்கும் உண்டு. பரீட்சை என்று மொட்டையாக இரண்டு முறை மறுத்தால் மூன்றாவது அழைப்பு வராது. மதுக்கடைக்குக் கூப்பிட்டு, நீங்கள் குடிக்காதவர் என்றால், வரவே மாட்டேன் என்பதைவிட ஒரு ஜூஸை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பலாம். விளக்கவுரை எதுவும் வேண்டியதில்லை.

மொழி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இரைச்சலான இடத்தில் உள்ளூர்க்காரர்கள் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைப் பின்தொடர்வது மிகக் கடினமான கேட்புத் தேர்வு. நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் அங்கே திணறுவார்கள். அதை வைத்து உங்கள் மொழியை எடை போடாதீர்கள். ஒருவரோடு அல்லது இருவரோடு நடந்துகொண்டே பேசும் சந்திப்புகளை அதிகமாக்குங்கள். புரியாத நகைச்சுவைக்குச் சேர்ந்து சிரிப்பதைவிட "இது புரியலையே" என்று கேட்பது நல்லது. விளக்கம் சொல்கிறவர் உங்களோடு ஐந்து நிமிடம் கூடுதலாகப் பேசியிருப்பார். பேசி முடித்து அறைக்கு வந்ததும் "உளறிட்டோமோ" என்று மனம் அரிக்கும். அதை நம்பாதீர்கள். முதல் உரையாடலுக்குப் பிறகு, எதிராளிக்கு நம்மை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-ல் எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். அங்கே உங்களோடு பேசியவரும் இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பார்.

நம் நாட்டுக்காரர்களோடு மட்டும் சுற்றுவது சரியா என்ற சண்டை எல்லா வருடமும் வரும். குற்ற உணர்ச்சி எதற்கு? காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டப்போவது அவர்கள்தான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: வீடு, வகுப்பு, பகுதிநேர வேலை, வாரக்கடைசி நான்கிலும் அதே ஐந்து பேர் என்றால், வாடகைப் பங்கில் ஒரு சண்டை வந்த அன்றைக்கே நான்கும் ஒன்றாக உடையும். ஏதாவது ஒன்றில் வேறு ஆட்கள் இருக்கட்டும். மற்ற நாட்டிலிருந்து வந்தவர்கள்தான் சீக்கிரம் ஒட்டுவார்கள், அவர்களுக்கும் சாயங்காலம் காலியாக இருக்கும். ஒரு செமஸ்டர் பரிமாற்றத்தில் வந்தவர்களோடு பழகுங்கள், ஆனால் உங்கள் நண்பர்கள் எல்லோருமே அப்படி என்றால் அடுத்த செமஸ்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உள்ளூர்க்காரர்களில், பள்ளிக்கூட நண்பர்களோடு அதே ஊரில் இருப்பவர்களிடம் புது ஆளுக்கு நேரம் கிடைப்பது கஷ்டம். அதே நாட்டின் வேறு ஊரிலிருந்து வந்தவர்களையும் வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படித்துத் திரும்பியவர்களையும் தேடுங்கள்.

வீட்டுக்குப் போன் பேசும் நேரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். இங்கே எல்லோரும் சமையலறையில் கூடும் சாயங்காலம்தான் அங்கே அம்மாவுக்கு வசதியான நேரம் என்றால், தினமும் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். வாரத்தில் இரண்டு நாளாவது அழைப்பைக் காலைக்கு மாற்றுங்கள். பகுதிநேர வேலையின் ஷிப்ட் கேட்கும்போதும் கிளப் கூடும் அந்த இரண்டு சாயங்காலங்களை விட்டுவிட்டுக் கேளுங்கள்.

தனியாக வந்தவர்களைக் குறிவைத்துத் திரியும் கூட்டங்களும் உண்டு. அறிமுகமான முதல் வாரமே தினமும் கூப்பிட்டு அன்பைக் கொட்டுவார்கள், எந்த அமைப்பு என்று நேராகச் சொல்ல மாட்டார்கள், மற்ற நண்பர்கள் வேண்டாம் என்பார்கள், அல்லது சீக்கிரமே பணமும் "பிசினஸ் வாய்ப்பும்" பேச்சில் வரும். இதில் ஏதாவது ஒன்று தென்பட்டாலே நழுவிவிடுங்கள்.

கடைசியாக விடுமுறை. உள்ளூர் மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய், கிளப்பும் மூடி, விடுதி காலியாகிவிடும். சேர்த்த பழக்கம் அறுந்துபோவதும் அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான். விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பே, பரீட்சை மும்முரத்துக்கு முன்னால், யார் யார் இங்கேயே தங்குகிறார்கள் என்று விடுதியிலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டு மூன்று பெயராவது எழுதி வைத்து, முதல் சந்திப்புக்கு நாளும் நேரமும் குறித்துவிடுங்கள்.