நாப்பது தோப்பும் ஒரு கோடும்

(பொள்ளாச்சிக்காரி கவிதா. விவசாயக் கல்லூரியில் முதுநிலைப் படிப்பு. ஆய்வுக்காக 40 தோப்பில் 240 தென்னை மரத்துக் காயை எண்ணி வைத்திருக்கிறாள். சண்முகம் அவளுடைய பெரியப்பா மகன். கோயம்புத்தூரில் புள்ளிவிவர வேலை. ராத்திரி எட்டு மணிக்குத் தட்டில் இட்லி விழுந்ததும் போன் அடிக்கிறது. இந்த மாதிரிப் போனெல்லாம் இட்லி விழுந்த பிறகுதான் வரும்.)

கவிதா: அண்ணா, ஆர்ல சராசரி தப்பா வருதுங்ணா.

சண்முகம்: ஆரு தப்பாச் சொன்னது?

கவிதா: ஆரும் சொல்லலைங்ணா. ஆர்! நீங்க ஆபீஸ்ல கணக்குப் போடுவீங்களே, அந்த ஆர் சாஃப்ட்வேர்.

சண்முகம்: ஓ, அந்த ஆரா. என்ன வருது?

கவிதா: மரத்துக்கு வருசம் 31 காய்னு வருதுங்.

சண்முகம்: 31ஆ? நம்ம தாத்தா காதுல உழுந்துச்சுன்னா மரத்தை வெட்டி அடுப்புல வெச்சிருவாரு. எதைப் போட்டே, எப்படிப் போட்டேன்னு அனுப்பு.

கவிதா: வாட்ஸாப்புல அனுப்பிட்டனுங்ணா.

சண்முகம்: (பார்த்துவிட்டு) அம்மணி, இதுல லேப்ல ஓடற ஃபேன் தெரியுது. டீ டம்ளர் தெரியுது. நீ போனைப் புடிச்சிட்டு நிக்கறதும் கண்ணாடில பார்த்தாப்ல தெரியுது. காய் மட்டும் தெரியல.

கவிதா: இருங், சாஞ்சு நின்னு எடுக்கறேன்.

சண்முகம்: நீ குப்புறப் படுத்து எடுத்தாலும் அது படந்தான். 240 வரியையும் நான் உக்காந்து தட்டோணுமா? அதுவும் இட்லிக் கையோட?

கவிதா: சரிங், இந்தாங்க ஸ்கிரீன்ஷாட். இப்பத் தெளிவா இருக்குதுங்ளா?

சண்முகம்: தெளிவா இருக்குது. 98, 105, 112... இந்த 98 எண்ணா, எழுத்தா?

கவிதா: என்னங்ணா இப்படிக் கேக்கறீங்க? 98ன்னா எண்தானுங்களே?

சண்முகம்: உனக்கும் எனக்கும் எண். ஆர் அதை என்னன்னு நெனச்சு வெச்சிருக்குதுன்னு படத்துல எங்க தெரியுது? டேபிளா காட்டறப்ப அது மேற்கோள் குறி போடாது. எண்ணும் எழுத்தும் ஒரே மாதிரி சட்டையைப் போட்டுட்டு வந்து நிக்கும்.

கவிதா: அப்ப ஃபைலையே அனுப்பிடறனுங்.

(வந்து சேர்கிறது. சண்முகம் ஒரு கையால் லேப்டாப்பைத் திறக்கிறான். சட்னி காய்கிறது.)

சண்முகம்: ஏனம்மணி, இதுல நாப்பது தோப்புக்காரங்க பேரு, ஊரு, போன் நம்பரு எல்லாம் இருக்குதே! நான் தேங்கா யாவாரியா இருந்தா இந்நேரம் பேரம் பேசி முடிச்சிருப்பேன்.

கவிதா: ஐயோ, அதை அழிச்சிருங்ணா!

சண்முகம்: அழிக்கறேன். ஆனா எனக்கு 31 வரல. என்ஏன்னு, அதாவது மதிப்பே இல்லேன்னு வருது. கூட ஒரு எச்சரிக்கையும் வருது.

கவிதா: உங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுங்ளா?

சண்முகம்: உன்ற ஆர் எந்த வெர்சன்? செஷன்இன்ஃபோ போட்டுப் பாரு.

கவிதா: 3.6ங்ணா.

சண்முகம்: அதான பார்த்தேன். எங்கிட்ட இருக்கறது 4. அந்தப் பழசு, சிஎஸ்வி ஃபைலைப் படிக்கறப்ப எழுத்தைக் கண்டா உன்னையக் கேக்காமயே ஃபேக்டர், அதாவது வகைப் பட்டியல் ஆக்கிப்போடும். 2020ல 4.0 வந்தப்ப அதை நிறுத்திட்டாங்க. ஒரே ஃபைலு, உனக்கு ஒண்ணாப் படிக்குது, எனக்கு ஒண்ணாப் படிக்குது. உன்ற ஆருக்குள்ள இருக்கறது அப்படியே எனக்கு வரோணும். டிபுட்டுனு ஒண்ணு இருக்குது.

கவிதா: என்ன புட்டுங்?

சண்முகம்: தின்கிற புட்டு இல்ல. டி, பி, யு, டி. அதுக்குள்ள ஹெட் போட்டுத் தரவுப் பேரைக் குடு. முதல் ஆறு வரி வரும். மொத்தத்தையும் அனுப்பிராதே, என்ற போன் தாங்காது.

கவிதா: (அனுப்பிவிட்டு) ஏனுங்ணா, ஆறு வரிக்கு இவ்வளவு நீளமாவா வரும்?

சண்முகம்: வரி ஆறுதான். ஆனா லெவல்ஸ்னு போட்டு நாப்பது பேரு பேரும் மறுபடி வந்திருக்குது.

கவிதா: நான் ஆறு பேரைத்தானுங்ணா அனுப்பினேன்!

சண்முகம்: ஃபேக்டர் அப்படித்தான். பந்தில ஆறு பேர் உக்காந்தாலும் மொய் நோட்டு முழுசும் கூடவே வந்துரும். ஹெட்டுக்கு மேல டிராப்லெவல்ஸ் போட்டிருந்தா அந்த ஆறு பேரோட நின்னிருக்கும். அதைவிட, பேரு இருக்கற கட்டத்தையே எடுத்துட்டுத் தோப்பு ஒண்ணு, தோப்பு ரெண்டுன்னு வெச்சிருக்கலாம். சரி, இந்தத் தடவை மறந்ததும் நல்லதாப் போச்சு. காய் எண்ணிக்கை இருக்கற கட்டத்துக்கும் லெவல்ஸ் வந்திருக்குது. எண்ணுன்னா லெவல்ஸே இருக்காது. அதுல முதல் ஆளு ஆருன்னு படி.

கவிதா: ஒரு... கோடுங்ணா.

சண்முகம்: உன்ற ஆறு வரில கோடு எங்கயாச்சும் இருக்குதா?

கவிதா: இல்லீங்.

சண்முகம்: அப்ப கீழ எங்கியோ ஒளிஞ்சு உக்காந்திருக்குது. அந்த ஒத்தைக் கோட்டுக்காகத்தான் காய் முழுக்க எழுத்தாயிருச்சு. இனி ஃபைலை மூடி வெச்சிட்டு நாலே நாலைக் கையால தட்டு: 98, 105, 112, ஒரு கோடு. நாலையும் மேற்கோளுக்குள்ள போட்டு ஃபேக்டராக்கு. அப்புறம் நீ போட்ட மாதிரியே, எண்ணா மாத்தற ஆஸ் நியூமெரிக் போட்டுச் சராசரி எடு. ஆமா, அதை எதுக்குப் போட்டே?

கவிதா: முதல்ல, சராசரி எடுக்கற மீன் கட்டளையை மட்டும் போட்டேனுங், என்ஏ வந்துச்சு. ரூம்மேட் இதைப் போடச் சொன்னா. உடனே 31 வந்துருச்சு. சந்தோசமாப் போச்சுங்.

சண்முகம்: நல்ல ரூம்மேட்டு. தட்டு.

கவிதா: 2.5 வருதுங்ணா!

சண்முகம்: எனக்கும் 2.5! வந்துருச்சு பாரு!

கவிதா: தப்பு வந்ததுக்காங்ணா இவ்வளவு குசி?

சண்முகம்: ரெண்டு ஊருல ஒரே தப்பு வந்தாத்தான் கையை வெச்சுத் தொட முடியும். எழுத்தா அடுக்கினா கோடு முதல்ல, அப்புறம் 105, 112, கடைசில 98. ஒண்ணு ஒம்போதுக்கு முன்னாடியில்ல? ஆஸ் நியூமெரிக் காயை எண்ணல, மொய் நோட்டுல எத்தனாவது பேருன்னு எண்ணுது. நாலு, ரெண்டு, மூணு, ஒண்ணு. கூட்டி நாலால வகுத்துக்கோ.

கவிதா: ஐயோ... அந்த 31ஐ கைடுகிட்டச் சொல்லிட்டனுங்ணா.

சண்முகம்: என்ன சொன்னாரு?

கவிதா: வெள்ளை ஈப் பூச்சி தாக்கிக் காய் கொறஞ்சிருக்கும்னாருங்.

சண்முகம்: (புரையேறித் தண்ணி குடிக்கிறான்) ரீட் சிஎஸ்வில என்ஏ ஸ்ட்ரிங்ஸ்னு ஒண்ணு இருக்குது, அதுக்கு அந்தக் கோட்டைக் குடு, கோட்டை என்ஏன்னு எடுத்துக்கும். மீன்ல என்ஏ ஆர்எம் போடு, என்ஏவை விட்டுட்டுச் சராசரி எடுக்கும். இந்த நாலுக்கு 105 வரோணும்.

கவிதா: இருங்... முழு ஃபைலுக்கே போட்டுட்டனுங். 104! அண்ணா, நீங்க தெய்வம்!

சண்முகம்: தெய்வத்துக்கு இட்லி ஆறிப்போச்சு. அதிருக்கட்டும், கோடு போட்டது ஆரு?

கவிதா: நாந்தானுங். மரம் பட்டுப்போயிருந்தாக் கோடு. ஏறுற ஆள் அன்னிக்கு வராட்டியும் கோடு.

சண்முகம்: ரெண்டுக்கும் ஒரே கோடா? ஆள் வராததுக்கு மரம் என்ன பண்ணும்? பட்டுப்போனது வேற கணக்கு அம்மணி. எது எதுன்னு உன்ற நோட்டைப் பார்த்துப் பிரிச்சு, தனித்தனிக் குறி வெச்சு எழுது. சந்தேகமா இருந்தா நாலு மரத்தை மட்டும் எனக்கு அனுப்பு.

கவிதா: சரிங்ணா. நாளைக்குக் காலைல தோப்புக்குப் போயி நாலு மரத்தையும் நல்ல வெளிச்சத்துல ஃபோட்டோ எடுத்து அனுப்பிடறேன்!