கொஞ்சந்தானே, ஒண்ணும் செய்யாது!

நேத்து காலையில ஏழரை மணி. இலங்கை மலையகத்துல, ஹட்டன் டவுன்ல ஒரு சாப்பாட்டுக் கடை. வெளிய தூறல், எதிர்க்கடை போர்டு தெரியாத அளவுக்குப் பனி, வயித்துல கொலப்பசி. கண்ணாடிப் பெட்டிக்குள்ள செவப்பு இடியப்பம் அடுக்கி வச்சிருந்துச்சு, ஆவி பறக்க.

"அண்ணே, இது அரிசி மா இடியப்பந்தானே?"

"ஆமா தங்கச்சி, சுத்தமான அரிசி மா."

"கோதுமை மா கலக்கலையே?"

"சேச்சே."

காசைக் கையில எடுத்துட்டேன். அப்பப் பாத்து உள்ளாற இருந்து தட்டோட வந்த பையன், பாவம், உண்மையைச் சொல்லிட்டான். "கொஞ்சமா போடுவோங்க்கா. இல்லாட்டி புழியுறப்ப ஒடஞ்சு போயிரும்."

அண்ணன் மூஞ்சியில ஒரு கூச்சம் இல்ல. "அட, கொஞ்சந்தானே தங்கச்சி. ஒண்ணும் செய்யாது."

ஒண்ணும் செய்யாதாம்! அவருக்கு ஒண்ணும் செய்யாதுதான். மூணு நாள் வயித்தைப் புடிச்சிக்கிட்டு சுருண்டு கெடக்கப் போறது நான்ல. லயத்துல, அதான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுல, கக்கூசு எவ்வளவு தூரம்னு தெரிஞ்சவுங்களுக்கு நான் மேல சொல்ல வேண்டியதில்ல.

எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை, இந்த மூணுலயும் இருக்குற குளூட்டன்ங்கிற புரதம் உள்ள போனா, என் ஒடம்பு சண்டைக்குக் கெளம்பி, கடைசியில என் சிறுகுடலையே அடிச்சு நாசம் பண்ணிரும். சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சுறதுக்குன்னு குடலுக்குள்ள விரல் விரலா இருக்குமே, அதெல்லாம் தேஞ்சு சப்பட்டையாப் போயிரும். அப்புறம் கோழி தின்னாலும் சரி, கீரை தின்னாலும் சரி, ஒடம்புல ஒட்டாது. இதுக்கு மாத்திரை கெடையாது, ஊசி கெடையாது. வாயைக் கட்டுறது மட்டுந்தான் மருந்து, அதுவும் சாகுற வரைக்கும். "கொஞ்சம்" எவ்வளவுன்னு கேக்குறீங்களா? 1 கிலோ சாப்பாட்டுல குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது, அப்பத்தான் பாக்கெட்ல குளூட்டன் இல்லைன்னு போட விடுறாங்க பல நாட்டுல. 20 மில்லிகிராம்! அண்ணன் "கொஞ்சமா" போடுறது கை நெறைய ஒரு புடி.

இந்த நோயைக் கண்டுபுடிக்கவே எனக்கு எட்டு வருஷம் போச்சு. ரத்தம் இல்லைன்னாங்க, இரும்புச் சத்து மாத்திரை குடுத்தாங்க. முழுங்கி முழுங்கி நாக்குல ஆணி ருசிதான் மிச்சம், ரத்தம் ஏறல. தோட்டத்துப் பொம்பளைப் புள்ளைன்னா ரத்தசோகை இருக்கத்தான் செய்யும்ங்கிற மாதிரியே எல்லாரும் பேசுனாங்க. பூச்சி மருந்து குடுத்தாங்க. அல்சர்னாங்க. அத்தை ஒரு பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போயி நூல் கட்டி விட்டாங்க. வயித்துக்குக் குளிர்ச்சின்னு அதே அத்தை ஒரு மாசம் பார்லிக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தாங்க பாருங்க, இன்னைக்கு நெனச்சாலும் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. பார்லி! பாசத்தோட, பனங்கல்கண்டு போட்டு!

கடைசியில ஒரு டொக்டர் சந்தேகப்பட்டு ரத்தப் பரிசோதனை எழுதுனாரு. நான் அதுக்குள்ள அதிபுத்திசாலியா கோதுமையை நிப்பாட்டித் தொலைச்சிருந்தேன். கோதுமை சாப்புட்டுக்கிட்டு இருந்தாத்தான் அந்தப் பரிசோதனையில ஒழுங்காத் தெரியுமாம். அதனால மறுபடியும் ஆறு வாரம் தெனம் ரொட்டி தின்னச் சொல்லிட்டாங்க. வெசம்னு தெரிஞ்சே தின்னேன். சொன்னா வெக்கக்கேடு, அந்த ஆறு வாரமும் வயிறு கிழிஞ்சாலும் நாக்கு சந்தோசமா இருந்துச்சு. அம்மா கை ரொட்டிக்கு அதுதான் கடைசின்னு தெரியும்ல.

நோய்னு தெரிஞ்சதும் கொழும்புல இருக்குற சொந்தக்காரவுங்க, படிச்சவுங்க, சொன்ன மொத வார்த்தை என்னா தெரியுமா? "இதென்ன பெரிய விசயமா, நாமதான் அரிசி சாப்புடுற ஆளுங்களாச்சே."

எனக்கு வந்த கோவத்துக்கு போனைத் தூக்கி ஓடையில போட்டிருப்பேன்.

எந்த ஊருல அரிசி சாப்புடுற ஆளுங்க? எங்க பக்கம் "மா"ன்னு சொன்னாலே அது கோதுமை மாதான். அரிசி மாவுக்குத்தான் தனியாப் பேர் சொல்லணும். விடியக்காலை நாலு மணிக்கு எந்த லயத்துல வேணும்னாலும் போயி நில்லுங்க, மா பெசையுற சத்தம் கேக்கும். ரொட்டி, தேங்காய்ச் சம்பல், இல்லாட்டி மொளகா இடிச்ச கட்டச்சம்பல். கொழுந்து பறிக்கப் போறவுங்களுக்கு அதுதான் தோது. துணியில சுத்திக் கொண்டு போலாம், தட்டு வேணாம், மலையில நின்ன மேனிக்கே திங்கலாம், மதியம் வரைக்கும் வயித்துல கல்லு மாதிரி கெடக்கும். சோறாக்க வெறகும் நேரமும் யாருகிட்ட இருக்கு அந்தக் குளிர்ல?

இலங்கையில கோதுமை ஒரு வயல்லகூட வெளையிறதில்ல, மொத்தமும் கப்பல்ல வர்றது. தமிழ்நாட்டுல இருந்து இங்க வந்த எங்க பாட்டன் பூட்டன் அரிசி தின்னுக்கிட்டு வந்தவுங்கதான், அது வாஸ்தவம். 1942ல ஜப்பான்காரன் பர்மாவைப் புடிச்சான், அங்கிருந்து வந்துக்கிட்டிருந்த அரிசி நின்னுச்சு, அரிசி இல்லாத எடத்தை மா புடிச்சிக்கிச்சு. அப்புறம் 70கள்ல பஞ்சம். பாணுக்கு, அதான் பிரெட்டுக்கு, வரிசையில நின்ன கதையையும், தோட்டத்துல பட்டினியில செத்தவுங்க கதையையும் அம்மாயி சொல்லிக் கேட்டிருக்கேன். 1980ல திருகோணமலையில பெரிய மா ஆலை ஓட ஆரம்பிச்சதும் மா மூட்டை எல்லாக் கடைக்கும் வந்துருச்சு. எங்க தட்டுல ரொட்டி வந்தது இப்படித்தான். இதெல்லாம் தெரியாம "நாம அரிசிக்காரங்க"ன்னு எனக்குப் பாடம் எடுக்க வர்றாங்க.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் சம்பந்தம் இருக்குன்னு புடிபட்டதும் ஒரு பஞ்சத்துலதானாம். 1944-45 குளிர்காலத்துல நெதர்லாந்துல பாண் இல்லாமப் போச்சு. ஊரே பட்டினி கெடந்தப்ப, இந்த நோய் இருந்த புள்ளைங்க மட்டும் தேறுனதையும், பாண் திரும்பி வந்ததும் அதுங்க மறுபடி படுத்ததையும் டிக்கேன்னு ஒரு டொக்டர் பாத்திருக்காரு. அதைப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரு யோசனை ஓடிக்கிட்டே இருக்கு. அம்மாயியோட தங்கச்சி ஒருத்தவுங்க ஈர்க்குச்சி மாதிரி இருந்து சின்ன வயசுலயே போயிட்டாங்களாம். "என்ன தின்னாலும் ஒட்டாத ஒடம்பு"ன்னுதான் இன்னைக்கும் வீட்டுல அவுங்களைப் பத்திப் பேசுறாங்க. இது ரத்த உறவுல வர்ற நோய் வேற. சரி, அதை விடுங்க.

அரிசின்னு பேர் இருக்குறதையாவது நம்பலாமான்னா, அதுலயும் மண்ணு. இடியப்பத்துல கலப்படம், மேல சொன்னேன். வெள்ளை இடியப்பம்னா கேக்கவே வேணாம், பாதிக் கடையில அது அவிச்ச கோதுமை மாவேதான். புட்டுலயும் அதே. அப்பத்துக்குப் பதம் வரணும்னு ஒரு கரண்டி. தோசைக்குக் கூட மாவு கெட்டியா நிக்கணும்னு சேக்குறாங்க, தோசைக்குங்க! உளுந்து வடையில எண்ணெய் குடிக்காம இருக்க கொஞ்சம். கடலைப் பருப்பு வடையில ஒண்ணும் இல்லைன்னு சந்தோசப்பட்டா, அது பொரிஞ்சது ரோல்ஸும் பட்டிஸும் பொரிஞ்ச அதே எண்ணெயில. பதுளை ரயில்ல "வடே வடே"ன்னு கத்திக்கிட்டு வர்றாங்கள்ல, நான் ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிறேன். பக்கத்து சீட்டுல இருக்குறவுங்க எனக்குத் தலை சுத்துதுன்னு நெனச்சு தேசிக்காய் நீட்டுறாங்க.

கல்யாண வீட்டுல சோறுதானேன்னு போனா, கோழி டெவல்ல சோயா சோஸ். அதுல கோதுமை இருக்கு. சரி, ரசஞ்சோறு போதும்னா, ரசத்துல பெருங்காயத் தூள். டப்பாவைத் திருப்பிப் பாருங்க, பலதுல கோதுமை மாதான் கலந்திருப்பாங்க. பெருங்காயத்துலயுமாடா! செத்த வீட்டுக்குப் போனா பிஸ்கட். கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தவுங்க, தங்கமானவுங்க, "ஒனக்குன்னு கோதுமை மா இல்லாமச் செஞ்சேன்"னு பாசமா ஒரு டப்பா கொண்டாந்தாங்க. தெறந்தா ரவைக் கேசரி. ரவை எதுல இருந்து வருதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. "ஆட்டா மா வேறதானே, அது நல்லது"ன்னு சொல்றவுங்க இன்னொரு பக்கம்.

சரி, சமையல் குறிப்பு தேடலாம்னு போனைத் தெறந்தா அது தனி எரிச்சல். குளூட்டன் இல்லாத ரொட்டிக்கு என்னா வேணுமாம்? பாதாம் மா ரெண்டு கப். சாந்தன் கம்னு மாவை ஒட்ட வைக்கிற ஒரு தூள், ஒரு தேக்கரண்டி. ஓவனை முன்கூட்டியே சூடாக்கி வைக்கணுமாம். எங்க வீட்டுல இருக்குறது மண் அடுப்பும், காசு இருக்குற மாசம் கேஸ் சிலிண்டரும். பாதாம் மா ரெண்டு கப் வாங்குற காசுக்கு நாங்க ஒரு வாரம் சாப்புடுவோம். தமிழ்நாட்டுக் குறிப்பைப் பாத்தா கம்பு, சாமை, வரகுன்னு அடுக்குறாங்க. எங்க டவுன்ல அதைக் கேட்டா கிளிக்குத் தீனியான்னு கேக்குறாங்க. வெளிநாட்டுப் பாக்கெட் பாண் ஒண்ணு கண்டியில பெரிய கடையில பாத்தேன். அம்மாவோட ஒரு நாள் பேரைவிட, அதான் நாள் சம்பளத்தைவிட, வெலை கூட. ஆசைக்கு ஒரு தடவை வாங்கித் தொலைச்சேன். ஈரமான அட்டையைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு.

எனக்கு அந்தப் பாணும் வேணாம், கேக்கும் வேணாம். ரொட்டிதான் வேணும். ஓரம் கருகி, நடுவுல மெத்துன்னு, புட்டா ஆவி வர்ற ரொட்டி.

அதனால நானே எறங்கினேன். மொத நாள் அரிசி மாவைப் பச்சைத் தண்ணியில பெசஞ்சேன், கல்லுல போட்டதும் வறண்ட கொளம் மாதிரி வெடிச்சிருச்சு. ரெண்டாவது நாள் எடுக்குறப்பவே நாலு துண்டு. குளூட்டன்தான் மாவை இழுத்துப் புடிக்கிற பசை, அது இல்லாட்டி மாவு ஒண்ணோடொண்ணு பேசாது. ஏழெட்டு தடவை கோழிக்குப் போட்டதுக்கப்புறம் புடிபட்டுச்சு. வறுத்த அரிசி மா ரெண்டு கப். துருவுன தேங்காய் ஒரு கப், கஞ்சத்தனம் கூடாது. அவிச்சு மசிச்ச நுவரெலியா உருளைக்கிழங்கு ஒண்ணு, கட்டி இல்லாம. உப்பு, பொடியா வெங்காயம், பச்சை மொளகா. தண்ணி கொதிக்கக் கொதிக்க ஊத்தி, அகப்பையால கிண்டி, கை பொறுக்குற சூடு வந்ததும் பெசையணும். கொதி தண்ணியில அரிசி மா பாதி வெந்து பசையாகுது, மிச்சத்தைக் கிழங்கு புடிச்சிக்கிது. வாழையெலையில எண்ணெய் தடவித் தட்டி, எலையோடயே கல்லுல கவுத்து, ஒரு நிமிசத்துல எலையை உரிச்சு எடுத்துட்டு, மூடி போட்டு சின்ன நெருப்புல விடணும். அவசரப்பட்டுத் திருப்புனா போச்சு. பாதிக்குப் பாதி குரக்கன் (கேழ்வரகு) மா சேத்தா இன்னும் நல்லா இருக்கும், மண் வாசம் ஒண்ணு வரும். ஆனா குரக்கனைத் தானியமா வாங்கிக் கழுவிக் காய வச்சு, கோதுமை அரைக்காத மில்லாப் பாத்துக் குடுங்க. கடையில விக்கிற குரக்கன் ரொட்டியில என்னா இருக்கும்னு நான் சொல்லணுமா?

அதே ரொட்டிதானான்னு கேட்டா, இல்லை. சூட்டோட திங்கணும், ஆறுனா செருப்பு. ஆனா சூடா, கட்டச்சம்பலோட, சாயத்தண்ணி ஒரு மொடக்கோட திங்கிறப்ப நான் யாரு மேலயும் கோவமா இருக்கமாட்டேன்.

மத்த நாள்ல அவிச்ச மரவள்ளி, தேங்காப்பூ போட்ட ஈரப்பலாக்காய், ஞாயித்துக்கெழமை பால்சோறு. இதெல்லாம் ஏற்கெனவே ருசியானதுதான், இதுக்கு எந்த வெளிநாட்டுக்காரன் பேரும் வேணாம்.

வீட்டுக்குள்ளயும் பாதி யுத்தம் நடந்துச்சு. எனக்குன்னு தனி ரொட்டிக்கல்லு, தனிப் பலகை, தனி அகப்பை வாங்குனப்ப அம்மா ஒரு வாரம் மூஞ்சைத் தூக்கி வச்சிக்கிட்டாங்க. "நான் பெத்த புள்ளைக்கு என் கை ரொட்டி வெசமாப் போச்சா?" நான் என்னா சொல்ல? ஆமா, வெசந்தாம்மான்னா சொல்ல முடியும்?

இப்ப அவுங்களே எனக்கு ரொட்டி தட்டுறாங்க. இன்னைக்குக் காலையில பாக்குறேன், அப்பாவுக்குக் கோதுமை மா பெசஞ்ச கையை முந்தானையில தொடச்சிட்டு, நேரா என் அரிசி மா உருண்டையை எடுக்குறாங்க.

"அம்மா, கை!"

கையைப் பாத்தாங்க. வெரல் இடுக்குல வெள்ளையா ஒட்டியிருந்துச்சு.

"கொஞ்சந்தானே புள்ள..."

நான் ஒண்ணும் சொல்லல, பாத்தேன், அவ்வளவுதான். உருண்டையைக் கோழிக்கு வீசிட்டு, வாசப்பக்கம் தண்ணிப் பீலிக்குப் போயி சவர்க்காரம் போட்டுக் கை கழுவிட்டு வந்து, மறுபடியும் தண்ணி கொதிக்க வச்சாங்க. மணி அஞ்சே கால். வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு நேரமாச்சு.